ஆளில்லாத குன்று: முன்பனி முதல் இளவேனில் வரை நிலக்காட்சிப் புகைப்படம் குறித்துச் சில குறிப்புகள்

1

மலை, மலைகளுக்கிடையே பள்ளத்தாக்கு, பனிக்காலம் கழிந்ததும் பள்ளத்தாக்கு நிறையப் பூ. நிலக்காட்சிப் புகைப்படம் என்றதும் நம் மனதில் எழுவது பெரும்பாலும் இந்த ஒரே படம்தான். மளிகைக்கடை தரும் நாட்காட்டியில் இருக்கிறது, பல் வைத்தியர் அறையின் சுவரில் இருக்கிறது, செல்போன் வாங்கும்போதே திரையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நம் சினிமாப் பாட்டுகளில் பாதி இதற்குள்தான் நடக்கின்றன. 1992இல் வந்த 'ரோஜா' காஷ்மீரைக் காட்டியது. காஷ்மீரில் அன்று படமெடுக்கும் நிலைமை இல்லாததால் மணாலி போன்ற வேறு மலையூர்களில் எடுத்தார்கள். கொட்டகையில் உட்கார்ந்திருந்த நமக்கு அது காஷ்மீராகவே இருந்தது. எந்த மலையை எடுத்தாலும் காஷ்மீர் ஆகிவிடும் என்றால், அங்கே காட்டப்படுவது ஒரு இடம் என்பதைவிட ஒரு குறி என்றுதான் சொல்ல வேண்டும். நாட்காட்டி மலையில் ஊர் கிடையாது. ஆள் இருந்தாலும் ஓரத்தில், மலை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்கான அளவுகோலாக நிற்கிறான்.

திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள குன்றுகளையும், அவற்றுக்கு நடுவே கிடக்கிற ஏரி, வயல், புதர்க்காட்டையும் மார்கழியிலிருந்து சித்திரை வரை பல வருஷமாகப் படமெடுத்து வருகிறேன். இங்கே பனிமலை இல்லை. வேதகிரீஸ்வரர் மலையே சுமார் ஐந்நூறு அடிதான். பள்ளத்தாக்கு என்ற சொல்லை இங்கே யாரும் பயன்படுத்துவதில்லை. 'மலையடி', 'ஏரிக்கு மேலண்ட', 'ரெண்டு மலைக்கும் நடுவால' என்றுதான் சொல்வார்கள். இந்த இடத்தைக் காமிரா வழியாகப் பார்க்கும்போது எழுகிற கேள்விகள் முதலில் தொழில்நுட்பக் கேள்விகளாகத் தோன்றி, பிறகு நில உரிமைக் கேள்விகளாக மாறிவிடுகின்றன. எப்படி மாறுகின்றன என்று விளக்குவதுதான் இக்குறிப்புகளின் வேலை. சுருக்கமாகச் சொன்னால், ஆளில்லாத நிலக்காட்சியும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கிற 'தரிசு' என்ற சொல்லும் ஒரே பார்வையின் இரண்டு வடிவங்கள் என்பது என் வாதம்.

2

முதலில் பொழுது. நமக்குப் பெரும்பொழுது ஆறு. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஐரோப்பியப் பருவச் சொல்லாடலில் குளிர்காலம் சாவு, வசந்தம் உயிர்த்தெழுதல். வெள்ளையிலிருந்து பச்சைக்குப் போவதுதான் அதன் கதை. உலகம் முழுக்க 'குளிர்காலத்திலிருந்து வசந்தம்வரை' என்று தொகுக்கப்படும் புகைப்பட வரிசைகள் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

சோழமண்டலக் கரையில் கதை தலைகீழ். இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதனால் மார்கழியில் ஏரி ததும்பும், பாறை இடுக்கில்கூடப் புல் நிற்கும். குளிர்காலம்தான் பச்சை. மாசியில் புல் வைக்கோல் நிறமாகும். பங்குனியில் சரிவு காய்ந்து பாறையின் கருப்பு வெளியே தெரியும். வசந்தம் என்று நாம் சொல்லும் இளவேனில் இங்கே ஈரம் வற்றும் காலம்.

பூக்களின் வரிசையும் அதற்கேற்பவே இருக்கிறது. முன்பனியில் பூப்பவை தரையோடு தரையாகக் கிடப்பவை: தும்பை, விரல்நுனி அளவு நீலமாக விஷ்ணுகிராந்தி, வெயிலைப் பார்த்துத் திரும்பும் நெருஞ்சி, கூடவே மேட்டில் ஆவாரை. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுகிற ஆவாரையும் பூளைப்பூவும் இந்தப் பருவத்துச் சரக்கு. மழை ஈரத்தை வைத்துக்கொண்டு சீக்கிரம் பூத்து, விதை போட்டு, முடித்துக்கொள்ளும் செடிகள் இவற்றில் பல. பின்பனி வந்ததும் முறை மாறுகிறது. அப்போது பூப்பவை மரங்கள். வேர் ஆழத்தில் இருப்பதால் மேல்மண் காய்ந்தது அவற்றைத் தடுப்பதில்லை. மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு அழிஞ்சில் வெள்ளையாகப் பூக்கும். புரசு நெருப்பு நிறத்தில் பூக்கும். சென்னையில் புரசைவாக்கம் என்று பெயர் வரும்படி ஒரு காலத்தில் அந்த மரம் இந்தப் பக்கம் நிறைய இருந்தது. பழம்பாட்டுகளில் காயா என்று வருவதை இங்கே காசான் என்பார்கள். அது இலை உதிர்ப்பதில்லை, கிளையோடு ஒட்டி ஊதாவாகக் கொத்துக் கொத்தாகப் பூத்துச் சில நாளில் கொட்டிவிடும். பங்குனி முடிந்து சித்திரையில் வேம்பு, புங்கு, கொன்றை.

ஆக, ஒரே சரிவைத் தை மாதமும் சித்திரை மாதமும் எடுத்தால் கிடைப்பவை இரண்டு வேறு நிலங்கள். வெளியூர்ப் புகைப்படக்காரர்கள் பங்குனியில் வந்து "ஒண்ணுமே இல்லையே, காஞ்சு கிடக்கே" என்று திரும்பிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்ப்பது வேறு தேசத்து நாட்காட்டி. இந்த 'ஒண்ணுமே இல்லை' என்ற தீர்ப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதே வாக்கியம் வேறொருவர் வாயில் வரப்போகிறது.

3

அடுத்தது கருவி. நிலத்தைக் 'காட்சி'யாகப் பார்க்கும் பழக்கம் காமிராவுக்கும் மூத்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மலைப் பிரதேசங்களுக்குச் சுற்றுலா போனவர்கள் கையடக்கமான ஒரு கண்ணாடியை எடுத்துப் போனார்கள். கருஞ்சாயம் பூசிய, லேசாகப் புடைத்த ஆடி அது. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் க்ளோட் லொரேனின் பெயரால் அதைக் க்ளோட் கண்ணாடி என்று அழைத்தார்கள். பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஆடிக்குள் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ரசிப்பது வழக்கம். இயற்கை க்ளோடின் ஓவியம் போலத் தெரிந்தால்தான் அழகு. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நிலத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்கள்.

இந்தக் கண் நம் பக்கமும் வந்தது. திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்தில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஏறிவந்து தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1792-93இல் தென்னிந்தியா சுற்றிய தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் மாமல்லபுரத்தை வரைந்தார்கள். வரைவதற்கு அவர்கள் பயன்படுத்திய துணைக்கருவி கேமரா அப்ஸ்க்யூரா, அதாவது துளை வழியாகப் பிம்பம் விழும் இருட்டுப் பெட்டி. பிம்பத்தைப் பதிக்கும் ரசாயனம் மட்டும்தான் பாக்கி இருந்தது.

அது வந்த பிறகு மதராஸ் அரசாங்கம் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி 1858 வெயில் தொடங்கும்போது சென்னைக்கு வந்து சேர்ந்தார். வடக்கே கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த வருஷம் அது. மார்கழியில் கிளம்பிச் சித்திரையில் முடிந்த இந்தப் பயணம் தற்செயல் இல்லை. வெள்ளை அதிகாரிகள் ஜில்லா சுற்றும் 'கேம்ப்' காலம் அதுதான். வெயில் தாங்கும், சாலை காய்ந்திருக்கும், வெளிச்சம் சீராக இருக்கும். நிர்வாகத்தின் பருவமே புகைப்படத்தின் பருவமாகவும் ஆனது.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அதற்கு நீண்ட நேரம் வெளிச்சம் காட்ட வேண்டும். அந்த நேரத்துக்குள் தெருவில் நடந்துபோன ஆள், மேய்ந்த மாடு, தண்ணீர் எடுத்துப்போன பெண் எதுவும் பதியாது. அசையாதது மட்டும் பதியும். கல் பதியும், கோபுரம் பதியும். ஊர் காலியாகத் தெரிந்ததற்கு முதல் காரணம் இந்த ரசாயனம். அன்றைய நெகட்டிவ்கள் நீல ஒளிக்கே உணர்ச்சியுள்ளவை என்பதால் வானம் வெறும் வெள்ளையாக வெளிறிவிடும். ட்ரைப் தன் நெகட்டிவ்களில் மேகத்தையும் இலைகளையும் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். அதே காரணத்தால் மஞ்சளும் சிவப்பும் கறுப்பாக விழும். அன்று யாராவது நம் மேட்டில் ஆவாரம்பூவை எடுத்திருந்தால் கரிக்கட்டையாகத்தான் வந்திருக்கும். 'காமிரா உள்ளதை உள்ளபடி காட்டும்' என்று நம்புகிறவர்கள் இந்தக் கறுப்பு ஆவாரையை ஒரு நிமிஷம் மனதில் நிறுத்திப் பார்க்கலாம்.

சாமுவேல் போர்ன் 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் இமயமலைக்குப் போய் எடுத்த படங்கள் இந்திய நிலக்காட்சிப் புகைப்படத்தின் உச்சம் என்று இன்றும் சொல்லப்படுகின்றன. கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக் கூடாரம் எல்லாவற்றையும் கூலியாட்கள் வரிசையாகச் சுமந்து போனார்கள். ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடித்துக் கம்பால் அடித்ததை அவரே பத்திரிகையில் எழுதியிருக்கிறார். படத்தில் பார்த்தால் பனிமலை தியானத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ரசாயனம் மாறியது, ஆனால் பழக்கம் மாறவில்லை. இன்று விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஓடும் ஆட்டைக்கூட உறைய வைக்கலாம். இருந்தும் ஆள் நகர்ந்து போகட்டும் என்று நாம் காத்திருக்கிறோம். பூவை எடுக்கும்போது நடப்பதையும் பாருங்கள். லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 அளவுக்கு அகலத் திறந்தால் பூ மட்டும் கூர்மையாகத் தெரியும், பின்னால் உள்ளதெல்லாம் பஞ்சு போல் கரைந்துவிடும். எஃப் 16க்குச் சுருக்கினால் பூவுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டுப் பட்டி, மின்கம்பம், கிரஷர் புகை எல்லாம் வந்துவிடும். கிளப்புகளிலும் போட்டிகளிலும் முதல் வகைக்குத்தான் மதிப்பு. 'டிஸ்டர்பன்ஸ் இல்லாம நீட்டா இருக்கு' என்பார்கள். செல்போனில் அதற்கென்றே ஒரு பொத்தான் வந்துவிட்டது. ட்ரைப்பின் காகிதம் முடியாமல் செய்ததை நாம் ரசனையின் பேரால் விரும்பிச் செய்கிறோம்.

4

சரி, ஆட்கள் எங்கே போனார்கள்? அவர்களையும் படமெடுத்தார்கள், ஆனால் வேறு ஆல்பத்துக்கு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' வரிசையும், 1909இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி கொண்டுவந்த 'தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்' ஏழு தொகுதிகளும் அப்படிப்பட்டவை. அங்கே இருளரும் குறவரும் தோடரும் தங்கள் நிலத்தில் வாழ்கிறவர்களாக வருவதில்லை, 'மாதிரி'களாக வருகிறார்கள். ஆக, நிலமில்லாத மக்கள் ஒரு ஆல்பத்தில், மக்களில்லாத நிலம் இன்னொரு ஆல்பத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மேஜை யாரிடமும் இல்லை. காலனியக் காமிரா செய்த முக்கியமான வேலை இந்தப் பிரிவினைதான் என்று எனக்குப் படுகிறது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்று. கலிபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து பூர்வகுடிகளை 1851இல் ஆயுதப் படை விரட்டியது. பத்து வருஷம் கழித்து, 1861இல், கார்ல்டன் வாட்கின்ஸ் அங்கே பெரிய தகடுகளில் படமெடுத்தார். மனிதக் கை படாத கன்னி நிலம் போல அது தெரிந்தது. 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பூங்காவாக ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதலில் துப்பாக்கி, அடுத்துக் காமிரா, அடுத்துச் சட்டம். பூங்கா நல்ல விஷயம்தானே என்று கேட்கலாம். யாருடைய வீட்டைக் காலி செய்து வைத்த பூங்கா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. உத்தராகண்டில் மலையேறி ஃப்ராங்க் ஸ்மைத் 1931இல் பார்த்து, 1938இல் புத்தகம் எழுதிப் பிரபலமாக்கிய 'பூக்களின் பள்ளத்தாக்கு' 1982இல் தேசியப் பூங்காவானது. பரம்பரையாக அங்கே ஆடு ஓட்டி வந்த மேய்ப்பர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு பாலிகோனம் வகையைச் சேர்ந்த ஓர் உயரமான செடி பரவி மற்றப் பூச்செடிகளை மூடத் தொடங்கியது. அதை ஆள் வைத்துப் பிடுங்க வேண்டிய நிலை பூங்காவுக்கு வந்தது. மேய்ச்சல் நின்றதுதான் காரணமா என்பதில் தாவரவியலாளர்களுக்குள் வழக்கு இருக்கிறது. ஆனால் ஆடு மேய்ந்துகொண்டிருந்த நிலத்தைத்தான் ஸ்மைத் பூக்களின் பள்ளத்தாக்கு என்று கண்டார் என்பதில் வழக்குக்கு இடமில்லை.

திருக்கழுக்குன்றத்துக்கும் இப்படியொரு புகழ்பெற்ற படம் உண்டு. உச்சிவேளையில் மலைப்பாறையில் குருக்கள் உட்கார்ந்து கழுகுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது அச்சில் வந்திருக்கிறது. ஊரில் கழுகு என்றாலும் பறவை மஞ்சள்முகப் பாறு. படங்களில் இருப்பவை பாறை, கிண்ணம், கை, அலகு. பொங்கலை மட்டும் தின்று பாறு உயிர் வாழ்வதில்லை. கீழே மேய்ச்சல் வெளியும் செத்த மாடும் வேண்டும். அந்தக் கீழ்வெளி எந்தப் படத்திலும் இல்லை. 1990களின் இறுதியிலிருந்து பறவை வருவதில்லை. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் வழியாகப் பாறு இனங்களைக் கொல்கிறது என்பது 2004இல் நிறுவப்பட்டு, கால்நடைகளுக்கு அதைத் தயாரிப்பது 2006இல் தடை செய்யப்பட்டது. ஆனால் 'கலியுகம், அதான் கழுகு வரலை' என்பதோடு ஊர்ப்பேச்சு நின்றுவிடுகிறது. படம் எந்த இடத்தில் சட்டம் போட்டு வெட்டியதோ, அந்த இடத்திலேயே நம் சிந்தனையும் வெட்டுப்படுகிறது.

5

இனி 'தரிசு'. கிராம நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் அ-பதிவேட்டைப் புரட்டினால் நிலத்துக்குப் பல பெயர்கள்: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து, பாறை. வரி வருமா, வராதா என்பதுதான் இந்தப் பாகுபாட்டின் அடிப்படை. வரி வராத நிலம் வீண் நிலம். பூவையும் புல்லையும் பதிவதற்கு அதில் பத்தி இல்லை. 2000இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமும் தேசியத் தொலையுணர்வு நிறுவனமும் சேர்ந்து தரிசுநில வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டன. பிறகு பல பதிப்புகள் வந்தன. செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்துச் செய்தது. 'புதர் உள்ள நிலம்', 'புதர் இல்லாத நிலம்', 'பாறைத் தரிசு' என்பவை அதன் வகைகளில் சில. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த நிலக்காட்சியில் ஆடு தெரியாது, ஆவாரை தெரியாது, கீரை பறிக்கும் பெண்ணும் தெரியமாட்டாள். 'ஒண்ணுமே இல்லை' என்ற பழைய வாக்கியம் இங்கே அரசாங்க முத்திரையோடு திரும்ப வருகிறது.

இந்தப் பகுதியில் 'தரிசு' என்ற சொல்லுக்கு ரத்தக் கறை படிந்த சரித்திரமும் உண்டு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணைப்படி தரிசு நிலங்கள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. அவைதான் பஞ்சமி நிலங்கள். பின்னால் அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. திருப்போரூர் பக்கம் காரணை கிராமத்தில் அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடையே 'ஒன்றுமில்லாத' நிலத்தின் அழகிய காட்சியைப் படமெடுக்கிற யாரும் இந்தத் தேதியை அறியாமல் எடுக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இன்று தரிசுக்கு இரண்டு கிராக்கி. ஒன்று ஜல்லி. சென்னைக்குத் தெற்கே திரிசூலம், பல்லாவரம் குன்றுகளைத் தின்று முடித்த கிரஷர்கள் செங்கல்பட்டைத் தாண்டி வந்துவிட்டன. சார்னோகைட் என்று புவியியலாளர்கள் உலகம் முழுக்கப் பெயர் சொல்லும் கல் வகைக்கு மாதிரி இடமே பல்லாவரம்தான். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல். பெயர் அதிலிருந்து வந்தது. கல்லறையின் பெயரைச் சுமக்கும் கல்லை நாம் எம்-சாண்ட் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் முன்அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீபக் குமார் வழக்கில் சொன்னது. அனுமதிக்குப் போகும் கோப்புகளில் இடத்தின் புகைப்படங்கள் இருக்கும். பங்குனி, சித்திரையில் எடுத்தால் காய்ந்த சரிவு, வெறும் பாறை. 'தாவரங்கள் குறிப்பிடும்படி இல்லை' என்று எழுத அது போதும். அதே இடத்தை மார்கழியில் எடுத்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதக் கை கொஞ்சம் கூசும். பருவத்தைத் தேர்ந்தெடுப்பது ரசனை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இன்னொரு கிராக்கி மனைப்பிரிவு. அங்கே மார்கழிப் படம் வேண்டும். 'மலையடிவாரத்தில் பசுமையான சூழலில்' என்று துண்டுப் பிரசுரம் அடிக்கிறார்கள். காய்ந்த படம் குவாரிக்கு, பச்சைப் படம் பிளாட்டுக்கு. இரண்டிலும் ஆள் இல்லை என்பதுதான் ஒற்றுமை. ஆள் இருந்தால் பேரம் படியாது.

ஏரிக்கு மேலண்ட ஆடு மேய்க்கும் ஒரு ஆயாவிடம் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "மலையடி பூரா காலியா கிடக்குதுன்னு சொல்றாங்களே ஆயா" என்றேன். "இன்னாது, காலியா? நாப்பது ஆடு இதுலதான் பொழைக்குது நைனா. மழைக்கு இந்தாண்ட புல்லு, பனிக்கு அந்தாண்ட தழை, வெய்யிலுக்குக் கருவேலங்காய். காலியா கீதுன்னு சொன்னவனக் கூட்டினு வா, ஒரு நாளு ஆட்ட ஓட்டச் சொல்லு" என்றார். மூன்று பருவம், மூன்று இடம், மூன்று தீனி. அ-பதிவேட்டில் இல்லாத நிலப் பாகுபாடு அது.

6

இதைக் கேட்கும்போது நம்மில் பலருக்குத் திணை ஞாபகம் வரும். வரத்தான் வேண்டும். தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள். பொழுதை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் பேச முடியாது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். பாலைக்கு வேனிலும் பின்பனியும். ஆக மார்கழியில் குறிஞ்சிப் பொழுதில் இருக்கிற குன்று, பங்குனியில் பாலைப் பொழுதுக்குள் போய்விடுகிறது. நான் முதலில் சொன்ன ஒரே சரிவின் இரண்டு நிலங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் புகைப்படக் கையேடு எதிலும் இல்லை. அடுத்தது கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் இவற்றோடு 'செய்தி' என்று ஒன்று உண்டு. அங்கே அதற்குத் தொழில் என்று பொருள். தொழில் இல்லாத நிலம் திணையில் இல்லை. காலனிய ஆல்பங்கள் பிரித்த இரண்டும் இங்கே ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன.

ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். 'காட்டுப்பூ' என்று நாம் படத்துக்குக் கீழே எழுதுகிறோம். க்ரோம் முறை வந்து குரோம்பேட்டை என்று ஒரு ஊருக்கே பெயர் வைக்கும் வரையில், மதராஸ் தோல் பதனிடும் தொழில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. பட்டை உரித்தவர் யார், தோலைத் தொட்டியில் மிதித்தவர் யார், பறையில் கட்டியவர் யார் என்று கேட்டால் அந்த மஞ்சள் பூவுக்குப் பின்னால் சாதி வந்து நிற்கும். பூவை எஃப் 2.8இல் எடுத்தால் அது மங்கிவிடும்.

ஆனால் திணையைக் கட்டிக்கொண்டு ஆடிவிடவும் கூடாது. அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும், அதாவது அடிமைகளையும் ஏவல் செய்து பிழைப்பவரையும், அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்துகிறது. கைக்கிளையும் பெருந்திணையும்தான் அவர்களுக்கு. உழைப்பைக் கருப்பொருளாக உள்ளே வைத்துக்கொண்டு, உழைத்தவரின் காதலை வெளியே தள்ளிய சட்டகம் அது. எனவே 'நம்மிடம் எல்லாமே இருந்தது' என்ற பழம்பெருமைக்கு இங்கே வேலை இல்லை. திணை ஒரு கருவி. லென்ஸைப் போல அதுவும் ஒன்றைக் கூர்மையாக்கி இன்னொன்றை மங்க வைக்கிறது. எதை மங்க வைக்கிறது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

7

கடைசியாக, செய்யக்கூடியது என்ன? ஐந்து விஷயங்களை என் வேலையில் முறையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது உதவலாம்.

முதலாவது, ஒரே இடம். ஒரு பாறையில் குறி வைத்துக்கொண்டு, மார்கழி முதல் சித்திரை வரை மாதம் ஒரு முறை அதே லென்ஸால், அதே திசையில் எடுப்பது. தனிப்படம் பொய் சொல்லலாம். ஐந்து படம் சேர்ந்து பொய் சொல்வது கஷ்டம். இரண்டாவது, ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு படம். ஒன்று கிட்டத்தில், அடையாளம் தெரிய. இன்னொன்று துவாரத்தைச் சுருக்கி, சுற்றியிருப்பது எல்லாம் தெரிய. மூன்றாவது, பெயரை அந்த நிலத்தில் வேலை செய்கிறவரிடம் கேட்டு எழுதுவது, லத்தீன் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்வது. செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் இருளர் பெண்களின் சங்கம் 1986 முதல் மூலிகைச் செடிகளை வளர்த்துக் காத்து வருகிறது. செடியைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ரொம்ப தூரம் போகத் தேவையில்லை. நான்காவது, படத்துக்குக் கீழே தலைப்புக் கவிதை வேண்டாம். தேதி, கிராமம், புல எண், பதிவேட்டில் அந்த நிலத்துக்கு உள்ள பெயர், அங்கே உண்மையில் நடக்கும் தொழில், இவ்வளவும் இருந்தால் போதும். 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று எழுதி, பக்கத்திலேயே நாற்பது ஆடு நிற்கும் படத்தை வைத்தால் வாதம் தானாக நடந்துவிடும்.

ஐந்தாவது கொஞ்சம் சிக்கலானது. ஆளைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் நியாயம் செய்துவிட்டதாக அர்த்தமில்லை. புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பத்தை நிலத்தோடு சேர்த்து எடுத்த படம், அடுத்த வருஷம் 'ஆக்கிரமிப்பு'க்கான சாட்சியாக மேஜையில் வந்து விழலாம். மருந்துச் செடி இருக்கும் இடத்தைப் புல எண்ணோடு அச்சிட்டால் வியாபாரி வேரோடு கொண்டுபோய்விடலாம். அதே படம் பட்டா கேட்டுப் போகும் மனுவில் அவர்களுக்கே ஆதாரமாகவும் ஆகலாம். எது எப்போது வெளியே போக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் படத்தில் இருப்பவர்கள்தான். எனவே அந்தந்த ஊரில் ஒரு பிரதியைக் கொடுத்து வைப்பது, கேட்காமல் அச்சுக்குக் கொடுக்காமல் இருப்பது, வேண்டாம் என்றால் அழித்துவிடுவது. இதில் கலையின் சுதந்திரம் குறைந்துபோகும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். குறையட்டும். போர்னின் சுமையைத் தூக்கியவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தச் சுதந்திரம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும்.

வருகிற மார்கழியில் இந்தப் பகுதியின் ஒவ்வொரு கல்லாங்குத்தையும், ஒவ்வொரு மேய்க்காலையும், அது பச்சையாக இருக்கும்போது, அங்கே பிழைக்கிறவர்களுடைய பேச்சோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். காமிரா கையில் இருக்கும் யாரும் செய்யலாம், செல்போனே போதும். சித்திரையில் யாராவது ஒரு கோப்போடு வந்து 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்லும்போது, எடுத்து வைக்க ஐந்து மாதப் படங்கள் ஊரில் இருக்க வேண்டும்.